பத்தொன்பதாவது புளியமரம்

அப்பு,

உன் தூக்கத்துக்கு நாங்க என்னென்ன செஞ்சோம்னு வாயால சொன்னா நான் பாதியைக் கேலியாக்கிருவேன், எது நெசம் எது கேலின்னு உனக்குப் பிரிக்க வராது, அதனால எழுதிக் குடுன்னு கேட்ட. சரின்னு உக்காந்துட்டேன். அஞ்சாப்போட பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவ நான். மளிகைச் சீட்டுக்கு மேல எதையும் எழுதிப் பழக்கமில்லை. மூணு நாளா எழுதுறேன், ஒரு பேனாவே தீர்ந்துபோச்சு. சும்மா. பேனா தீரலை, உங்கப்பா சட்டைப்பையில சொருகிக்கிட்டுப் போயிட்டார். நம்ம வீட்டுச் சட்டம் இந்தக் கடிதாசியிலயும் உண்டு: நான் கேலி பண்ணுனா பின்னாலயே 'சும்மா'ன்னு சொல்லிருவேன். அந்த வார்த்தை இல்லாத இடமெல்லாம் நெசம்னு எடுத்துக்க.

நீ சின்னதுல போன சிறப்புப் பயிற்சி சென்டர் டீச்சரம்மா இதைக் கேள்விப்பட்டு, மாசக் கூட்டத்துல மத்த தாய்தகப்பனுக்கும் வாசிச்சுக் காட்டலாமான்னு கேட்டாங்க. நீ ரெண்டு நிபந்தனை போட்ட. யார் பேரும் வரக்கூடாது, எழுத்துப்பிழையை நீ திருத்தின பிறகுதான் குடுக்கணும். ரெண்டுக்கும் சம்மதம், அப்புங்கிற செல்லப்பேரு மட்டும் இருக்கட்டும். பிழையை மட்டும் திருத்து அப்பு. நான் சொல்லியிருக்கிறதைத் திருத்தாத. இதுல சில இடம் உனக்கு முதல்தடவையாத் தெரியப்போறது.

ஞாயித்துக்கிழமை நீ கோயமுத்தூருக்குப் பஸ் ஏறப்போற. மருந்து மொத்தமா வித்து அனுப்புற கிடங்குல, அட்டைப்பெட்டி மேல இருக்கிற நம்பரையும் காலாவதித் தேதியையும் சரிபார்க்கிற வேலை. வீட்டுல வெங்காய மூட்டையில இருக்கிற எழுத்தைக்கூட ரெண்டு தடவை படிக்கிற ஆளு நீ, உனக்குன்னே செஞ்சு வெச்ச வேலைன்னு நானும் உங்கப்பாவும் சந்தோஷப்பட்டோம். அந்தச் சந்தோஷம் செவ்வாய்க்கிழமை வரைக்குந்தான். அன்னைக்கு அந்தச் சூப்பர்வைசர் போன் பண்ணார், நீ ஸ்பீக்கர்ல போட்டிருந்த. நான் வெஞ்சனத்துக்குக் கத்தரிக்கா நறுக்கிக்கிட்டிருந்தேன்.

"தம்பி, சின்ன வயசுல நீ ராத்திரியெல்லாம் தூங்குனதே இல்லைன்னு இன்டர்வியூவுல சொன்னியாமே. நைட் செக்கிங்குக்குத்தான் எங்களுக்கு ஆளே நிக்க மாட்டேங்குது. உன்னையே போட்டுர்றேன்."

நீ யோசிக்கவே இல்லை. சரி சார்னுட்ட. கஷ்டமா இருக்காதாப்பான்னு அவரே திருப்பிக் கேட்டார், நல்ல மனுசன்தான். அதுக்கு நீ சொன்னதுதான் என் கையை நிறுத்துச்சு. "இல்ல சார். நான் பத்து வயசுலயே ராத்திரி மூணு மணிக்குப் பூ எடுத்தவன். என்னை மாதிரி ஆளு இந்த ஜில்லாவுலயே இல்லைன்னு எங்கம்மா சொல்லும்."

உண்மைதான். சொல்லியிருக்கேன். சின்ன வயசுல உன்னை நான் வாயாரப் புகழ்ந்தது அது ஒண்ணுக்குத்தான், அதை இத்தனை வருசம் நீ பத்திரமா வெச்சிருக்க. இப்ப அதை உங்கிட்டருந்து திருப்பி வாங்க வேண்டியிருக்கு. எப்படி வாங்குறதுன்னு தெரியாமத்தான் மூணு நாளா முழிச்சுக்கிட்டு இருக்கேன்.

முதல்லருந்து சொல்றேன். நீ பொறந்ததுலருந்து தூக்கத்துக்கும் உனக்கும் ஆகாது. கைப்பிள்ளைங்க ராத்திரி அழும், பால் குடிக்கும், தூங்கும். நீ அழவே மாட்ட. பதினொண்ணே முக்காலுக்குக் கண்ணைத் தொறப்ப, அம்புட்டுத்தான், விடியுற வரைக்கும் அந்தக் கண்ணு மூடாது. நடக்கக் கத்துக்கிட்ட பிறகு எந்திரிச்சுப் போயி அடுப்படிக் குழாயைத் தொறந்து தண்ணி விழுறதைப் பார்ப்ப. கூரைத் தகரத்துல எத்தனை ஆணின்னு எண்ணுவ. கண்ணுபட்டிருக்குன்னு ஒருத்தர் சொன்னாங்க, தாயத்துக் கட்டுனோம். கயிறு உறுத்துதுன்னு நீ கழுத்தெல்லாம் கீறி ரத்தமாக்கிக்கிட்ட. கசகசாவை அரைச்சுப் பால்ல குடுன்னாங்க, குடுத்தேன், நாலு நாளா வெளிக்குப் போகாம வயித்தைப் பிடிச்சுக்கிட்டு கிடந்த. மருந்துக்கடைக்காரர் ஒருத்தர், இருமல் சிரப்பு ரெண்டு மூடி குடுங்க அடிச்சுப்போட்ட மாதிரி தூங்குவான்னார். அதை மட்டும் நான் செய்யலை. புத்தியினாலன்னு நினைக்காத, உனக்கு அந்தச் செவப்பு நிறம் பிடிக்காது, வாயைத் தொறக்க மாட்ட. பின்னாடி டாக்டரம்மாகிட்ட இதைச் சொன்னப்ப, அந்த மருந்தை அப்படிக் குடுக்கிறது எம்புட்டு ஆபத்துன்னு அவங்க சொல்லித்தான் எனக்குத் தெரிஞ்சுச்சு. கூட்டத்துல இதைக் கேக்கிற தாய்மாருங்க யாராச்சும் குடுத்துக்கிட்டிருந்தா இன்னைக்கே நிறுத்துங்க. பிள்ளை மயங்கிக் கிடக்கிறதும் தூங்குறதும் ஒண்ணில்லை.

நானோ கேலிக்காரி. அழுதா மூக்கு வலிக்கும்னு சிரிச்சே காலத்தை ஓட்டுனவ. நீ முழிச்சே இருக்கிறதைப் பார்த்து 'எங்க வீட்டு வாட்ச்மேன்'னு பேர் வெச்சேன். தெருவே சிரிச்சுச்சு. நீ மட்டும் சிரிக்கலை. அன்னைக்கு ராத்திரியிலருந்து மணிக்கு ஒருதரம் எந்திரிச்சுப் போயி கதவுப் பூட்டை இழுத்து இழுத்துப் பார்த்துட்டு வந்த. ஏலே, என்ன பண்றன்னு கேட்டதுக்கு, வாட்ச்மேன் தூங்குனா பூட்டை யார் பாக்குறதுன்னு கேட்ட. ஆறு வயசு உனக்கு. கொஞ்சநஞ்சம் வந்த தூக்கத்தையும் நான்தான் ஒரு கேலியால பறிச்சேன். அந்தப் பூட்டு இழுக்கிற பழக்கம் போக நாலு வருசம் ஆச்சு. 'சும்மா'ன்னு சொல்ற சட்டம் ரொம்பப் பின்னாடி வந்தது. அப்பவே வந்திருக்கணும்.

அப்புறம் மல்லி. நம்ம ரெட்டியார்சத்திரம் காட்டுல அப்ப முக்காவாசி மல்லிதான் போட்டிருந்தோம். படிக்கிறவங்களுக்காகச் சொல்றேன், மல்லியை மொட்டாத்தான் எடுக்கணும். அன்னைக்குச் சாயங்காலம் விரியப்போற மொட்டா இருக்கணும், நாளைக்கு விரியுறதைத் தொடக்கூடாது. வெயிலுக்கு முன்னாடி திண்டுக்கல்லு பூ மார்க்கெட்டுக்குப் போயிரணும். அதனால ராத்திரி மூணு மணிக்கே நெத்தியில லைட்டை மாட்டிக்கிட்டுக் காட்டுல இறங்கிருவோம். அந்த வருசம் பங்குனியில பூ கொட்டுது, எடுக்க ஆள் இல்லை. நீ எப்படியும் முழிச்சு உக்காந்து ஆணி எண்ணிக்கிட்டிருக்க. தனியா வீட்டுல விட்டுட்டுப் போறதுக்கும் பயம். வாலே, வந்து ரெண்டு கைப்பூ எடுன்னு கூட்டிட்டுப் போனேன். பத்து வயசுப் பிள்ளை நெத்திக்கு ஒரு லைட்டு வாங்கிக் கட்டுனேன்.

நீ பூ எடுத்த அழகு இருக்கே, அதை மட்டும் நான் எந்தக் காலத்துலயும் மறுக்கமாட்டேன். பத்து வருசமாப் பூ எடுக்கிற பொம்பளைகளே அவசரத்துல பிஞ்சையும் சேர்த்துக் கிள்ளிருவாங்க. நீ ஒவ்வொரு மொட்டையும் பார்ப்ப, காம்பு நிறத்தைப் பார்ப்ப, அப்புறந்தான் கை வைப்ப. உன் கூடையில ஒரு பிஞ்சு இருக்காது. எனக்குத் தலைகால் புரியலை. எம்மவன் தூங்கமாட்டான், அலாரம் வாங்குற செலவு மிச்சம், இவனை மாதிரி ஆளு இந்த ஜில்லாவுலயே இல்லைன்னு காடெல்லாம் கேக்கச் சொன்னேன். நீ நிமிர்ந்து பார்த்த. லைட்டு என் கண்ணுல அடிச்சதால உன் முகம் தெரியலை. ஆனா மறுநாள் ரெண்டரைக்கே லைட்டை மாட்டிக்கிட்டு என் தலைமாட்டுல வந்து நின்ன.

மூணு மாசம் அப்படி ஓடுச்சு. நீ பள்ளிக்கூடத்துல தலையைச் சுவத்துல முட்டுறன்னு சொல்லியனுப்புனாங்க. சோறு வேண்டாம்ன. யாராச்சும் பாத்திரத்தைக் கீழ போட்டாக்கூட காதைப் பொத்திக்கிட்டு அலறுன. கேட்டதையே நாப்பது தடவை கேட்ட. சேட்டை, செல்லம் குடுத்துக் கெட்டுப்போச்சுன்னு உங்கப்பா சொன்னார், நானும் ஆமான்னேன். தூக்கம் இல்லாத உடம்பு அப்படித்தான் கத்தும்னு எங்களுக்கு யாரும் சொல்லலை, நாங்களும் யாரையும் கேக்கலை.

இப்ப அந்த நாளுக்கு வாரேன். இந்த இடத்துல பேனாவை ரெண்டு தடவை கீழ வெச்சுட்டேன்.

உங்கப்பா தாடிக்கொம்புல சொந்தக்காரங்க கல்யாணத்துக்கு முந்தின நாளே போயிட்டார். பூவை நான்தான் மார்க்கெட்டுக்குக் கொண்டு போகணும். மொபெட்டுல முன்னாடி மூட்டை, பின்னாடி நீ. லேசா வெளுத்துக்கிட்டு வருது. ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் புளியமரம். கொஞ்ச தூரம் போனதும் என் முதுகுல சாய்ஞ்சு, "அம்மா, எனக்குத் தூக்கம் வருது" அப்படின்ன. பத்து வருசத்துல உன் வாயிலருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை அப்பு. அதுக்காக எத்தனை கோயிலுக்கு வேண்டியிருக்கேன். அது வந்து நிக்குறப்ப, எனக்கு மார்க்கெட்டு அவசரம். வண்டியை ஓரங்கட்டி ஒரு மரத்தடியில உன்னைப் படுக்க வெச்சிருக்கலாம். பூ வாடுனா வாடட்டும்னு விட்டிருக்கலாம். நான் சிரிச்சேன். இத்தனை நாள் வராத தூக்கத்துக்கு இப்பத்தான் வழி தெரிஞ்சுச்சாக்கும், கண்ணைத் தொறந்து வெச்சுக்கிட்டு எத்தனை புளியமரம்னு சத்தமா எண்ணிக்கிட்டு வான்னேன்.

நீ எண்ணுன. சொன்னா செய்யுற பிள்ளை. ஒண்ணு, ரெண்டுன்னு என் காதுக்குப் பின்னாடி கேட்டுக்கிட்டே வந்துச்சு. பத்தொன்பதுன்ன. அப்புறம் சத்தம் இல்லை. சலிச்சுப்போச்சு போல, நல்லதுன்னு நினைச்சேன். அப்படி நினைச்சுக்கிட்டு நான் வண்டியை ஓட்டிக்கிட்டே போனேன் அப்பு. முதுகு லேசா இருக்கேன்னு உறைச்சுத் திரும்பிப் பார்த்தப்ப நீ இல்லை. ரோடு வளையுற இடத்துல, ரொம்பப் பின்னாடி, ஒரு லாரி நிக்குது. டிரைவர் இறங்கி உன்னைத் தூக்குறார்.

அந்த லாரி நிக்காமப் போயிருந்தா, வேகமா வந்திருந்தா என்னாகியிருக்கும்னு நான் இன்னைக்கும் முழுசா நினைச்சுப் பார்த்ததில்லை. பாதியிலயே எந்திரிச்சுத் தண்ணி குடிக்கப் போயிருவேன்.

ஆஸ்பத்திரியில எப்படிம்மா விழுந்தான்னு கேட்டாங்க. கல்யாண வீட்டுலருந்து ஓடிவந்த உங்கப்பா பக்கத்துல நிக்குறார். நாயைப் பார்த்துக் குதிச்சுட்டான்னு சொன்னேன். என் வாய்தான் சொல்லுச்சு, நானே கேட்டுக்கிட்டு நின்னேன். புருவத்துல தையல் போட்டு, கையில கட்டோட படுத்திருந்த நீ, "குதிக்கலை. தூங்குனேன். பத்தொன்பது எண்ணுனேன், அப்புறம் தூங்குனேன்" அப்படின்ன. உங்கப்பா உன்னை அதட்டுனார், பொய் சொல்லாதலேன்னு. நீ பொய்யே சொன்னதில்லை, சொல்லவும் தெரியாது. ரெண்டு பேர்ல பொய் சொன்னவ நான். அதுக்கப்புறம் ஊர்ல கேட்டவங்களுக்கெல்லாம் நாய் கதைதான். சொல்லச் சொல்ல அந்த நாய்க்கு நிறம்கூட வந்துருச்சு, செவலை. இது சும்மா இல்லை, நெசமாவே செவலைன்னு சொல்லிக்கிட்டிருந்தேன். நீ ஒவ்வொரு தடவையும் 'நாய் இல்லை'ன்னு சொன்ன. கடைசியில சொல்றதை விட்டுட்ட. அன்னையிலருந்து பஸ்ஸோ வேனோ எதுல ஏறுனாலும் நீ கண்ணை மூடுறதில்லை. மரத்தை எண்ணிக்கிட்டே வருவ. ரோட்டை அகலமாக்க அந்த மரங்களையெல்லாம் வெட்டின பிறகு லைட்டுக் கம்பத்தை எண்ணுற. தூங்குனா விழுவோம்னு நீயா ஒரு கணக்குப் போட்டு வெச்சிருக்க. உன் கணக்குல தப்பு தூக்கத்து மேல. அது தப்பான கணக்கு. தப்பு வண்டி ஓட்டுனவ மேல.

இதை முந்தாநாள் உங்கப்பாகிட்டச் சொல்லிட்டேன். செடிக்குத் தண்ணி பாய்ச்சிக்கிட்டிருந்தவர் மடையைத் திருப்பி அடுத்த பாத்திக்கு விட்டார். அப்புறம், "எங்கிட்ட எதுக்குச் சொல்ற, அவன்கிட்டச் சொல்லு"ன்னார். இப்பச் சொல்லிட்டேன்.

அன்னைக்கு ஆஸ்பத்திரியில உன் பேச்சைக் காதுல வாங்குன ஒரே ஆளு அந்த டாக்டரம்மா. எங்களை விட்டுட்டு உன்னைப் பார்த்து, ராத்திரி எப்ப இருந்து எப்ப வரைக்கும் தூங்குவன்னு கேட்டாங்க. ஒன்பதே கால்லருந்து பதினொண்ணே முக்கால்ன நீ. அவங்க பேனாவை வெச்சுட்டாங்க. அதுக்குப் பிறகுதான் சென்டருக்கு அனுப்புனாங்க, ஆட்டிசம்ங்கிற வார்த்தையை நாங்க கேட்டதும் அப்பத்தான். உன் பேருக்குப் பக்கத்துல அது வந்து உக்காந்தப்ப உங்கப்பா அழுதார். நான் மட்டும் ஒரு பக்கம் நிம்மதியானேன், வாட்ச்மேனுக்கு ஒரு காரணம் கிடைச்சுச்சேன்னு.

டீச்சரம்மா எனக்குப் புரியுற மாதிரி சொன்னது இது. இருட்டுனதும் எல்லார் உடம்புக்குள்ளயும் தூங்குற மணி ஒண்ணு அடிக்கும். ஆட்டிசம் இருக்கிற நெறையப் பேருக்கு அது தாமதமா அடிக்கும், இல்ல மெதுவா அடிக்கும். அதுக்கு மேல உன் காதும் தோலும் கண்ணும் எதையும் சும்மா விடாது. நமக்குக் கேக்காத பிரிட்ஜ் சத்தம் உனக்கு மாவு மில்லு மாதிரி. போர்வை ஓரத்துத் தையல் உனக்கு முள்ளு. மனசுல ஒரு கவலை ஏறுனா இறங்காது. நெத்தியில லைட்டு கட்டுனேன்னு நான் சொன்னப்ப அவங்க என்னைத் திட்டலை. ராத்திரியில கண்ணுக்கு நேரா அம்புட்டு வெளிச்சம் பட்டா அந்த மணி இன்னும் தள்ளிப்போகும்மான்னு மட்டும் சொன்னாங்க. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

நாங்க ஒவ்வொண்ணாச் செஞ்சோம், உனக்குச் செஞ்சதைத்தான் நீ எழுதிக் கேட்ட. முதல்ல வயித்தைப் பார்த்தாங்க, ரத்தத்தைப் பார்த்தாங்க. மலச்சிக்கல் இருந்துச்சு, இரும்புச்சத்து கம்மியா இருந்துச்சு, ரெண்டுக்கும் வைத்தியம் பண்ணுனாங்க. வலிக்குதுன்னு சொல்லத் தெரியாத பிள்ளை தூங்காம இருந்துதான் அதைச் சொல்லும்னாங்க. அதனால அங்க போயி நாலஞ்சு நாள் தூக்கம் கெட்டா முதல்ல வயிறு, பல்லு, தலைன்னு ஒவ்வொண்ணாக் கேட்டுப் பாரு. குறட்டை வந்தாலும், தூக்கத்துல கை கால் வெட்டி இழுக்குதுன்னு கூட இருக்கிறவங்க சொன்னாலும் டாக்டர்கிட்டப் போகணும், தள்ளிப்போடாத. அப்புறம் எட்டு மணிக்கு மேல டியூப்லைட்டை அணைச்சுட்டு மஞ்ச பல்பு. போனு அடுப்படியில. மூணு மணிக்கு மேல டீ கிடையாது, கடையில சூப்பர்வைசரே வாங்கிக் குடுத்தாலும் வேண்டாம்னு சொல்லிரு, அதுல மரியாதைக்குறைவு ஒண்ணுமில்லை. காலண்டர் தாளுக்குப் பின்னாடி நான் அஞ்சு படம் வரைஞ்சு ஒட்டுனேனே, குளிக்கிறது, சாப்பிடுறது, பல்லு விளக்குறது, தண்ணி குடிக்கிறது, படுக்கிறது. நான் வரைஞ்ச கட்டிலைப் பார்த்து இது பாடையான்னு உங்கப்பா கேட்டார். சும்மா இல்லை, அவர் நெசமாவே கேட்டார். அந்த அஞ்சும் அதே வரிசையில நடந்தா உன் உடம்பு அடுத்தது தூக்கம்னு தானாப் புரிஞ்சுக்கிச்சு. ஒரு நாள்ல இல்லை. முதல் ரெண்டு மாசம் ஒண்ணுமே நடக்கலை, நான் டீச்சரம்மாவை மனசுக்குள்ள வைதேன். பிறகு பதினொண்ணே முக்கால் பன்னெண்டரையாச்சு, ஒண்ணாச்சு, மூணாச்சு.

கொஞ்ச மாசம் டாக்டரம்மா ஒரு மாத்திரையும் குடுத்தாங்க, குறைஞ்ச அளவுல, அவங்க பார்வையில. அப்புறம் அவங்களே நிறுத்துனாங்க. கிடங்கு முழுக்க மருந்துதான் இருக்கப்போகுது, தூக்கம் வரலைன்னு எதையாச்சும் எடுத்துப் போட்டுக்காத. நீ செய்யமாட்ட, எனக்குத் தெரியும். ஆனாலும் எழுதுறேன், எழுதலைன்னா எனக்குத் தூக்கம் வராது.

மல்லிச்செடியைப் பிடுங்குனதும் அப்பத்தான். செடிக்கு நோய்னு ஊர்ல சொன்னேனே, அதுவும் பொய். செடி நல்லாத்தான் இருந்துச்சு. காட்டுல மல்லி இருக்கிற வரைக்கும் வீடே மூணு மணிக்கு எந்திரிக்கும், நீயும் எந்திரிப்ப. உங்கப்பா ஒரு வாரம் எங்கூடப் பேசலை. மாலைக்குக் கட்டுற செண்டுப்பூ போட்டோம். அதை விடிஞ்ச பிறகு வெளிச்சத்துல பறிக்கலாம். காலை வெயில் மேல படுறது ராத்திரித் தூக்கத்துக்கு நல்லதுன்னு டாக்டரம்மாவும் சொல்லியிருந்தாங்க. ஏழு மணி வெயில்ல நீ செண்டுப்பூ பறிச்ச, அன்னைக்கு ராத்திரி நாலு மணி வரைக்கும் தூங்குன. நான் உன் பக்கத்துல உக்காந்து மூக்குல விரலை வெச்சு மூச்சு வருதான்னு பார்த்தேன். அம்புட்டு நேரம் நீ தூங்கி நான் பார்த்ததே இல்லையே.

இப்ப நீ பத்தரைக்குப் படுத்தா அஞ்சு மணிக்கு எந்திரிக்கிற. டீச்சரம்மா எழுதச் சொன்ன தூக்க நோட்டை, நான் புள்ளி வெச்சு ஆரம்பிச்சதை, பன்னெண்டு வயசுல நீ வாங்கிக்கிட்டு இன்னைக்கு வரைக்கும் எழுதுற. நேத்து அதைத் தொறந்து பார்த்தேன். உன் வரிக்குக் கீழ ஒரு வரி புதுசா இருக்கு. 'அம்மா: செவ்வாய் ரெண்டு மணி நேரம். புதன் ஒன்றரை. காரணம் தெரியவில்லை.' காரணம் இதுதான் அப்பு.

அந்த நைட் செக்கிங் வேண்டாம். நீ ராத்திரி தூங்காத ஆளு இல்லை. நாங்க தூங்கவிடாம வளர்த்த ஆளு. பன்னெண்டு வருசம் பாடுபட்டு வரவழைச்ச தூக்கம் அது, ஒரு வாரம் ராத்திரி லைட்டுக்கு அடியில நின்னா கலைஞ்சுபோகும். அவர் தப்பான மனுசன் இல்லை. நான் பங்குனி மாசத்துல நினைச்சதைத்தான் அவரும் நினைக்கிறார், முழிச்சிருக்கிற ஆளை வேலைக்கு வெச்சுக்கலாம்னு. நான் சொன்ன பாராட்டைத் திருப்பி எடுத்துக்கிறேன்னு எழுதுனேன்ல, பாதியைத்தான் எடுக்கிறேன். உன்னை மாதிரி ஆளு இந்த ஜில்லாவுல இல்லைன்னது நெசம். அது நீ முழிச்சிருந்ததுக்கு இல்லை. விரியுற மொட்டையும் விரியாத மொட்டையும் பிரிச்ச கண்ணுக்கு. அந்தக் கண்ணுதான் அட்டைப்பெட்டியில தேதி பார்க்கப்போகுது, அது பகல்லயும் தெரியும்.

போன் பண்ணி நீயே சொல்லு, நான் பேசுனா கேலி பண்ணிக் கெடுத்துருவேன். 'சார், எனக்கு ஆட்டிசம் இருக்கு, தூக்கம் ஒழுங்கா இருந்தாத்தான் வேலை ஒழுங்கா இருக்கும், பகல் வேலை குடுங்க.' இம்புட்டுப் போதும். மன்னிப்புக் கேக்காத. முடியாதுன்னு அவர் சொல்லிட்டா? அப்படிச் சொன்னா அந்த வேலை வேண்டாம். வீட்டுக்கு வா, செண்டுப்பூ இருக்கு, வேற வேலை பார்ப்போம்.

ரூமைப் பத்தியும் பயமாத்தான் இருக்கு. உங்கப்பா போயிப் பார்த்துட்டு வந்தவர், நல்ல ரூம், காத்து வருதுன்னார். ஆம்பளை கண்ணு. துருவித் துருவிக் கேட்டப்பதான் ஜன்னலுக்கு நேரா தெருவிளக்குன்னு சொல்றார். கிழிஞ்ச குடைத்துணிகளைச் சேர்த்து ஒரு கறுப்புத் திரை தைச்சிருக்கேன், கிளிப்பும் இருக்கு. போர்த்திக்கப் பழைய வேட்டி நாலு துவைச்சு மடிச்சு வெச்சிருக்கேன், தையல் ஓரத்தை வெட்டிட்டேன். கரண்டு போயி பேன் சத்தம் நின்னா முழிச்சுருவ, அதுக்குப் பேட்டரியில ஓடுற சின்ன பேன். கூட இருக்கிற ரெண்டு பசங்களும் ராத்திரி படம் பார்ப்பாங்களாம். இயர்போன் போட்டுக்கங்க, பத்தரைக்கு மேல லைட்டு வேண்டாம்னு முதல் நாளே சொல்லிரு. அரை மணி நேரம் படுத்தும் தூக்கம் வரலைன்னா கட்டில்ல புரளாம எந்திரிச்சு மங்கலான வெளிச்சத்துல செத்த நேரம் உக்காரு. தூங்கணும், தூங்கணும்னு உன்னையே அதட்டாத. அதை நான் பத்து வருசம் செஞ்சு பார்த்துட்டேன், பலிக்காது. சில ராத்திரி கெடும். கெட்டா கெட்டதுன்னு நோட்டுல எழுதிட்டு, மறுநாளும் அதே நேரத்துக்கு எந்திரி. கேட்டதையே திரும்பத் திரும்பக் கேக்க ஆரம்பிச்சா, சட்டைக் கையை இழுக்க ஆரம்பிச்சா, தூக்கம் கடன் கேக்குதுன்னு அர்த்தம். எனக்குப் போன் பண்ணு. எந்த நேரமானாலும் எடுப்பேன், நான்தான் இப்ப வாட்ச்மேன். சும்மா. நான் தூங்கத்தான் செய்வேன், ஆனா மணியடிச்சா எந்திரிச்சுருவேன்.

ஞாயித்துக்கிழமை கூட வர்றது நான். உங்கப்பாகிட்டச் சொல்லிட்டேன். சீட்டுக்காக திண்டுக்கல்லு பஸ்ஸ்டாண்டுலயே ஏறுறோம், அதனால பஸ் நம்ம வீட்டுப் பக்கமே திரும்பி வந்து, நீ விழுந்த அந்த வளைவைத் தாண்டித்தான் போகும். நீ ஜன்னல் பக்கம் உக்காருவ, கம்பத்தை எண்ண ஆரம்பிப்ப. எண்ணு, வேண்டாம்னு சொல்லலை. என் தோள்ல சாய்ஞ்சுக்க. துண்டை எடுத்து உன் இடுப்பையும் என் இடுப்பையும் சேர்த்துக் கட்டிக்கிறேன், யாரு சிரிச்சாலும் சிரிக்கட்டும். தூக்கம் வந்தா, வருதுன்னு சொல்லு. இந்தத் தடவை நான் கேலி பண்ணமாட்டேன். நீ பத்தொன்பதோட நிறுத்திக்க அப்பு. இருபதுலருந்து நான் எண்ணிக்கிட்டு வாரேன்.

அம்மா